ஏழாம் நம்பர் ஷூ

1. தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் சரக்கை அளந்து சரிபார்க்கும் சர்வேயராகச் சேர்ந்த அன்று, ஸ்டோரில் ஏழாம் நம்பர் பாதுகாப்பு ஷூ தந்தார்கள். என் கால் அளவு நாலு.

2. அதைவிடச் சின்ன அளவு இல்லை என்றார்கள். மறுத்தால் கப்பலுக்கு அனுப்பாமல் மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்து, 'சரியாகப் பொருந்துகிறது' என்று ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

3. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுச் சமாளித்தேன். மூன்றாம் வாரம், நிலக்கரிக் கப்பலின் சரக்கு அறைக்குள் ஏணியில் இறங்கும்போது வலது ஷூ கழன்று விழுந்தது.

இரும்பு முனை வைத்த ஷூ அது. கீழே நின்ற தொழிலாளியின் தோளை உரசிக்கொண்டு போனது. அவர் நிமிர்ந்து, "மேடம், இன்னொண்ணையும் போடுங்க. ஜோடியா வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கணம் முன்னதாக நிமிர்ந்திருந்தால் அவர் முகத்தில் விழுந்திருக்கும். இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

மேனேஜர் கூப்பிட்டார். "இதுக்குத்தாம்மா பொம்பளப் பிள்ளைகளைக் கப்பலுக்கு அனுப்ப யோசிக்கிறது. இனி ஆபீஸ்ல இருந்து ரிப்போர்ட் டைப் பண்ணு."

நேராக ஸ்டோருக்குப் போனேன். ரெஜிஸ்டரில் என் வரியை அடித்து, 'பொருந்தவில்லை. அன்று பொய் எழுதினேன்' என்று எழுதினேன். ஸ்டோர்கீப்பர் பதறினார்.

"அடிச்செழுதினா ஆடிட்ல கேப்பாவம்மா."

"கேக்கட்டும் அண்ணாச்சி. கேக்கணும்னுதான் எழுதுதேன்."

பொய் எழுதியது என் தப்பு. என் அளவில் ஷூ இல்லாதது என் தப்பு இல்லை. குதிகால் கழலாத, விரல் இடிக்காத நாலாம் நம்பர் ஷூ கேட்டு மனுக் கொடுத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை. தினமும் காலையில் மேனேஜர் அறைக்குப் போய், எப்போது வரும் என்று கேட்கிறேன்.