டெல்வின் எந்த மூலையில் நின்றார்

டெல்வின் ப்ரூனிங் முப்பத்து நாலு வருஷமாக எடை போடுகிறவர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பிரெஸ்லின் என்ற ஊரின் தானியக் கிடங்கு வாசலில் லாரி ஏறி நிற்கிற எடைமேடை இருக்கிறது. அதன் பக்கத்தில் ஜன்னல் வைத்த சின்ன அறை, அதற்குள் டெல்வின். மக்காச்சோளத்தோடு லாரி உள்ளே வரும்போது ஒரு தடவை, காலியாக வெளியே போகும்போது ஒரு தடவை எடை பார்த்து, சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அங்கே அவர் சொன்ன எடையை யாரும் மறுத்துப் பேசியதில்லை. வீட்டில் அவர் சொன்ன எதையும் யாரும் மறுக்காமல் விட்டதில்லை.

அதற்காக அவர் வருத்தப்பட்டதும் கிடையாது. 'மாட்டேன்' என்ற சொல்லே அவருக்குப் பழக்கமில்லை. பிடிக்காததை யாராவது கேட்டால் 'பார்க்கலாம்' என்பார். ரொம்பவே பிடிக்காவிட்டால் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று இரண்டு தடவை சொல்வார். அயோவாவில் இப்படிப்பட்ட ஆண்கள் மலிவு. இவர் அவர்களிலும் ஒரு படி மேலே.

அவருடைய அக்கா ஜோனெல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அவளோடு கூட நின்று, முந்நூறு பிள்ளைகளுக்குப் பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும் செய்து போட்டவள் ஆர்லிஸ். இருவரும் அப்படி ஒட்டிக்கொண்டார்கள். ஆர்லிஸ் டெல்வினைக் கட்டிக்கொண்டதே ஜோனெல்லை விட்டுப் பிரியாமல் இருக்கத்தான் என்று ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். டெல்வினும் கூடச் சேர்ந்து சிரிப்பார், ஏனென்றால் அது பாதி உண்மை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம், ஞாயிறு தவறாமல் தேவாலயம் விட்டதும் மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். ஜோனெல்லின் கணவரும் இருந்தவரை கூட உட்கார்ந்தார்; அவர் இறந்த வாரத்தில்கூட அது நிற்கவில்லை. பேசுவதெல்லாம் அவர்கள் இருவர், உருளைக்கிழங்கைத் தள்ளிக் கொடுப்பது இவர். அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய சுகம் எதையும் அவர் தன் வாழ்க்கையில் கேட்டதில்லை.

அந்த மேஜையை உடைத்தது கட்சி. எதிர்க்கட்சி உடைத்திருந்தால் ஆறுதலாவது உண்டு. உடைத்தது சொந்தக் கட்சி.

அடுத்த வருஷம் நவம்பரில் வரும் ஜனாதிபதித் தேர்தலுக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்று கட்சிக்காரர்களே தீர்மானிக்கிற சமயம் அது. செனட்டர் பிக்ஃபோர்ட் நிதானமானவர், அனுபவஸ்தர், ஆர்லிஸ் அவர் பக்கம். கவர்னர் டால்பி சுறுசுறுப்பான அம்மாள், பழசையெல்லாம் தலைகீழாகப் புரட்டிப் போடுவேன் என்றவள், ஜோனெல் அவள் பக்கம். இருவரும் சும்மா ஆதரவாளர்கள் அல்ல, ஊரில் ஆள் திரட்டுகிற தலைவிகள். நவம்பர் கடைசியில் வருகிற நன்றி திருநாள் விருந்தில் ஜோனெல் தன் கவர்னரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை வான்கோழி ஆறிப்போகிற அளவுக்கு விவரித்தாள். ஆர்லிஸ் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, கிரான்பெர்ரி கிண்ணத்தை நகர்த்தி வைத்தபடி சொன்னாள்: "ம். வித்தியாசமாத்தான் இருக்கு."

எங்கள் கவுண்டியில், அதாவது இந்த மாவட்டத்தில், ஒருவன் இன்னொருவனின் தலையில் மண்வெட்டியால் அடித்தால்கூட அடுத்த வாரம் சமாதானமாகிவிடலாம். 'வித்தியாசமா இருக்கு' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்கு மேல் கெட்ட வார்த்தை இங்கே கிடையாது. புதுச் சுவர் வர்ணத்தைப் பார்த்து அப்படிச் சொன்னதற்காக வீட்டை விற்றுக்கொண்டு போனவர்கள் உண்டு.

ஜோனெல் மடியில் இருந்த கைத்துணியை நாலாக மடித்து மேஜையில் வைத்தாள். "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றாள். கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

டிசம்பர் வந்தது. ஊர்ப் புல்வெளிகளில் பனிக்கு மேலே விளம்பரப் பலகைகள் முளைத்தன. தேவாலயத்தில் காபி குடிக்கிற இடத்தில் மேஜைகள் இரண்டாகப் பிரிந்தன. முடி வெட்டுகிற கடையில் செனட்டர் ஆட்களுக்குச் செவ்வாய், கவர்னர் ஆட்களுக்கு வியாழன் என்று ஆனது. எதிர்க்கட்சிக்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

டெல்வின் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தடவை சாப்பிட ஆரம்பித்தார். பன்னிரண்டரை மணிக்கு ஆர்லிஸ் கையால் ஒரு சாப்பாடு. பிறகு, "கிடங்குல சோளம் சூடாகுதான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று, குவியலில் சூடேறினால் தானியம் கெட்டுவிடும் என்கிற சாக்கில் கிளம்பி, நாலு தெரு தள்ளி அக்கா வீட்டில் இரண்டு மணிக்கு இன்னொன்று. ஒருத்தியைத் தனியாகச் சாப்பிட விட அவருக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொல்லவும் தைரியம் வரவில்லை. உடம்பு எவ்வளவு ஏறியது என்று பார்க்க அவ்வப்போது லாரி மேடையிலேயே ஏறி நின்றார். அந்த மேடை இருபது பவுண்டுக்கு, அதாவது ஒன்பது கிலோவுக்குக் கீழே உள்ள வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது. டிசம்பரில் எண் அசையவில்லை. ஜனவரி கடைசியில் அசைந்தது.

பிப்ரவரியில் நடக்கப்போகிற கட்சிக் கூட்டத்தைப் பற்றி இரண்டு பேரும் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"டெல், கூட்டத்தன்னிக்கு நம்ம பக்கம்தான நிப்ப?" என்பாள் ஆர்லிஸ்.

"பாக்கலாம்."

"டேய் டெல்வின், கூடப் பொறந்தவளுக்கு நிக்கலன்னா வேற யாருக்குடா நிப்ப?" என்பாள் ஜோனெல்.

"பாக்கலாம் ஜோனெல், பாக்கலாம்."

வேறு ஊராக இருந்தால் இப்படியே பிடி கொடுக்காமல் தப்பித்துவிடலாம். திரைக்குப் பின்னால் போய் யாருக்கோ போட்டுவிட்டு, இருவரிடமும் தலையாட்டிவிட்டு வரலாம். ஆனால் எங்கள் ஊரில் கட்சி வேட்பாளருக்கு ஓட்டுப் போடுவதில்லை, நிற்கிறோம். பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கத்துக்குப் போய், நம் ஆளுடைய மூலையில் நம் இரண்டு காலால், ஊரே பார்க்க நிற்க வேண்டும்.

அந்தச் சாயங்காலம் வந்தது. வெளியே மூக்கு விறைக்கிற குளிர். ஸ்கோர் போர்டுக்குக் கீழே செனட்டர் ஆட்கள், நடுவில் ஆர்லிஸ். எதிர் மூலையில், தொங்குகிற ஏறுகயிறுகளுக்குக் கீழே கவர்னர் ஆட்கள், நடுவில் ஜோனெல். இருவருமே சாக்லெட்டும் வேர்க்கடலை வெண்ணெயும் போட்ட துண்டுப் பலகாரம் செய்து, தட்டில் அடுக்கித் தங்கள் மூலையில் வைத்திருந்தார்கள். ஒரே செய்முறைதான், பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்து கண்டுபிடித்தது. கதவோரம், மூன்றாவதாகப் போட்டியிடும் மேயர் ரிங் என்று ஒருவருக்காகச் சில பேர். டெல்வின் கோட்டைக்கூடக் கழற்றாமல் நட்டநடுவில் நின்றார்.

கூட்டத்தை நடத்துகிற நூலகர் விவியன் டீட்ஸ் ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள். "டெல்வின், நடுவுல நிக்க விதி இல்ல. ஏதாவது ஒரு மூலைக்குப் போங்க."

"இன்னும் முடிவு பண்ணல."

"முடிவு பண்ணாதவங்களுக்கும் மூலை இருக்கு. தண்ணி குழாய்கிட்ட."

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஐந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். டெல்வின் ஆறாவது. எண்ணினார்கள். செனட்டருக்கு இருபத்தைந்து. கவர்னருக்கு இருபத்தைந்து. மேயருக்கு எட்டு. முடிவு பண்ணாதவர்கள் ஆறு. பத்துப் பேராவது இல்லாத மூலை கலைந்து, அரை மணி நேரத்துக்குள் வேறு மூலையில் சேர வேண்டும் என்பது விதி. தலைக்கணக்குப்படி கவுண்டி மாநாட்டுக்கு இந்த ஊர் அனுப்பப்போகும் பிரதிநிதிகள் ஐந்து பேர். செனட்டருக்கும் கவர்னருக்கும் ஆளுக்கு இரண்டு உறுதி. ஐந்தாவது யாருக்கு என்பது இந்தப் பதினாலு பேர் கையில்.

விவியன் மணி அடித்ததுதான் தாமதம், இரண்டு பக்கத்திலிருந்தும் தட்டோடு வந்துவிட்டார்கள். டெல்வினுக்கு இடது பக்கம் மனைவி, வலது பக்கம் அக்கா. கை நீட்டினால் ஒருத்தி இன்னொருத்தியின் தோளைத் தொடலாம்.

"டெல், வா வீட்டுக்காரரா லட்சணமா" என்றாள் ஆர்லிஸ். "உங்கக்காகிட்ட சொல்லு, அவ கவர்னரால நவம்பர்ல ஒரு மாநிலம்கூட ஜெயிக்க முடியாதுன்னு."

"உம் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்றாள் ஜோனெல், "அவ செனட்டர் பேசினா மாடே தூங்கிடும்னு."

"மாடு தூங்கினா பரவால்லன்னு சொல்லு. மிரண்டு ஓடினாத்தான் கஷ்டம்னு சொல்லு."

"நீயே காதால கேட்டுட்ட இல்ல, உங்கிட்ட நான் வேற தனியா சொல்லணுமா?" என்றார் டெல்வின் அக்காவிடம்.

"எங்கிட்ட யாரும் பேசலயே" என்றாள் ஜோனெல்.

டெல்வின் இரண்டு தட்டுகளையும் பார்த்தார். இரண்டிலும் ஒரே பலகாரம், ஒரே அளவு, ஒரே மாதிரி வெட்டு. இது இன்றோடு முடியப்போவதில்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் எந்தப் பக்கம் போனாலும் மறு பக்கத்தில் இருப்பவள் அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். ஈஸ்டர் வரும், கோடை வரும், இவர் கிழவனாகிற வரைக்கும் தெருத்தெருவாகப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.  

"ஒவ்வொரு மூலை சார்பாவும் ஒருத்தர் ஒரு நிமிஷம் பேசலாம்" என்று விவியன் சொன்னாள். "தண்ணி குழாய் பக்கம் யாராவது?"

டெல்வின் நடந்துபோய் ஒலிபெருக்கியை வாங்கினார்.  அந்த மனிதர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"எம் பேரு டெல்வின். உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு செனட்டரும் நல்லவராத்தான் தெரியறாரு, கவர்னரம்மாவும் நல்லவங்களாத்தான் தெரியறாங்க. இவங்கள்ல யாரு வந்தாலும் நவம்பர்ல நான் அவங்களுக்குத்தான் போடப்போறேன். நீங்களும்தான். ஆனா நவம்பர் வரைக்கும் நான் தாங்கமாட்டேன். நன்றி திருநாளுக்கு அப்பறம் ஞாயித்துக்கிழமை ஆனா நான் ரெண்டு தடவ சாப்பிடறேன். பன்னெண்டரைக்கு எம் பொண்டாட்டிகிட்ட. ரெண்டு மணிக்கு எங்கக்காகிட்ட. வீட்டுல கேட்டா, சோளம் சூடாகுதான்னு பாக்கப் போறேன்னு சொல்றேன். சோளம் சூடாகல. இந்த வருஷம் சோளம் நல்லாவே இருக்கு."

சிரிப்பு எழுந்தது. அவர் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிற வரைக்கும் நான் ஒரு பக்கமும் போகமாட்டேன். மாட்டேன். அவ்வளவுதான்."

தண்ணீர்க் குழாய்க்குத் திரும்பி வந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.  முதலில் கதவோரத்திலிருந்து மாட்டு வைத்தியர் ரோலண்ட் வந்தார். "எங்க வீட்டுல தம்பியும் நானும் இப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றார். அடுத்து அஞ்சலகக்காரி வந்தாள். அப்புறம் மேயருடைய மற்ற ஆட்களும் வந்துவிட்டார்கள். விவியன் எண்ணினாள். பதினாலு. முடிவு பண்ணாதவர்களின் மூலை விதிப்படி நிலைத்துவிட்டது. ஐந்தாவது பிரதிநிதி அவர்களுக்குத்தான், அது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கவுண்டி மாநாட்டுக்குப் போய், இன்னும் முடிவு பண்ணவில்லை என்று அதிகாரபூர்வமாகச் சொல்லப்போகிறவர் டெல்வின் ப்ரூனிங். கட்சிக்கு இதனால் ஒரு குண்டுமணி லாபமில்லை.

ஆர்லிஸ் முகம் சிவந்து நின்றாள். ஜோனெல்லும். அவர் பயந்தது நடந்துவிட்டது, இப்போது இரண்டு பேருமே அவரோடு பேசப்போவதில்லை என்று டெல்வின் நினைத்தார். ஆனால் ஆர்லிஸ் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"உன் வீட்டுலயா சாப்பிட்டான்?" என்று ஜோனெல்லைக் கேட்டாள்.

"வாராவாரம்."

"என்ன போட்ட?"

"மாட்டிறைச்சி ரோஸ்ட். உருளைக்கிழங்கு. கிரேவி."

"கிரேவியா? அவனுக்கு ரத்தக் கொதிப்பு ஜோனெல். டாக்டரு அக்டோபர்லயே உப்பக் குறைக்கச் சொல்லிட்டாரு."

"எங்கிட்ட யாரு சொன்னா?"

"நான்தான் சொல்லியிருக்கணும்" என்றாள் ஆர்லிஸ். கையிலிருந்த தட்டைப் பார்த்தபடி, "சொல்லத்தான் நெனச்சேன். ஃபோனக்கூட எடுத்தேன்" என்றாள்.

"நானும்தான் எடுத்தேன்" என்றாள் ஜோனெல். "சரி, நீ என்ன போட்ட அவனுக்கு?"

"ஹாம்."

"உப்புல ஊறின பன்னிக்கறி, அதுல உப்பு இல்லயாக்கும்."

ஆர்லிஸ் சட்டென்று டெல்வின் பக்கம் திரும்பினாள். இருவரும் சேர்ந்து அவரை அரங்கத்தின் நடுவே இழுத்துப்போய்த் திட்ட ஆரம்பித்தார்கள். கூடைப்பந்து மைதானத்தின் நடுவட்டத்தில், எல்லோரும் நாற்காலி மடிக்கிறபோது, அவருடைய பொய், அவருடைய தொப்பை, பையனாக இருந்தபோதே மாத்திரையை நாய்க்குப் போட்டது எல்லாம் வந்தன. ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்துக்கொண்டாள். டெல்வின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இவ்வளவு சந்தோஷமாக அவர் திட்டு வாங்கியதே கிடையாது.

வெளியே வந்து, காரை ஸ்டார்ட் செய்து ஹீட்டரைப் போட்டார். ஆர்லிஸ் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள். "ஒன்னு சொல்ல மறந்துட்டேன்" என்று காலை வெளியே எடுத்தாள். ஜோனெல் தன் காரை விட்டு இந்தப் பக்கம் வந்தாள். செனட்டரைப் பற்றிப் பிடித்துக்கொண்டார்கள், கவர்னரைப் பற்றிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தியும் அரை அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேர் வாயிலிருந்தும் மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது. திறந்த கதவு வழியாகக் குளிர் முழுக்க உள்ளே வந்து, டெல்வினுக்குக் கால்விரல்கள் மரத்துப்போயின. நிறுத்துமிடத்தில் மற்ற கார்கள் எல்லாம் போய்விட்டன. நாற்பது நிமிஷம் ஆனது. டெல்வின் ஹார்ன் அடிக்கவில்லை.