கவிழ்த்துப் போட்ட அகார் அகார்

அன்னாசி வேண்டாம், பப்பாளி வேண்டாம் என்று என் கணவரின் அக்கா போனில் அடுக்கியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு எது ஆகாது என்று மூன்று பெற்றவளுக்குத் தெரியாதா? கடைசியில்தான் குரலைத் தணித்து விஷயத்துக்கு வந்தார். என் மகளின் வளைகாப்பு முடியும்வரை நான் சமையலறையிலேயே இருந்துகொள்ள வேண்டுமாம். தாலி இல்லாதவள் வளையல் தட்டுப் பக்கம் வரக் கூடாதாம்.

வளைகாப்பு என் வீட்டில். ஈப்போவில் நான் வேலை செய்து தவணை கட்டிய வீடு. கணவர் நோயில் போனார்; அதற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பசாரில் டிராகன் பழமும் நட்சத்திரப் பழமும் வாங்கினேன். ஆயர் தாவாரிலிருந்து தம்பி மாம்பழம் கொண்டுவந்தான். அங்கே நாங்கள் பிறந்த தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் நின்ற மாமரம் மட்டும் பிடிவாதமாகக் காய்க்கிறது. எனக்கு அந்த மரத்தை ரொம்பப் பிடிக்கும்.

பழம் போட்ட கடற்பாசி ஜெல்லிதான் பழ அகார் அகார், அதில் வித்தை ஒன்றும் இல்லை. வாசனைக்குப் பாண்டான் இலையும் சீனியும் போட்டுக் காய்ச்சி, அச்சில் மெல்லிசாக ஊற்ற வேண்டும். அது பாதி இறுகியதும், ஈரம் துடைத்த பழத்துண்டுகளை அழகான பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, மறுபடி ஊற்ற வேண்டும். கடைசியாகத் தேங்காய்ப்பால் கலந்த அகார். அச்சில் பார்த்தால் வெறும் வெள்ளைதான் தெரியும்.

வளைகாப்பு அன்று மகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன். அக்கா வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சை அப்படியே தூக்கிக்கொண்டு போய், ஹாலில் வளையல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நல்ல காரியத்தில் இதென்ன வெள்ளையாக என்று ஹாலில் முணுமுணுப்பு கிளம்பியது. அவர் வேகமாகத் திரும்பி வந்தார்.

"என்னலா இது, ஒரு கலரும் இல்ல?"

"கவுத்துப் போடணும்க்கா."

எப்படி என்று சொல், நான் போடுகிறேன் என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"சொல்ல மாட்டேன். நானே வாரேன்."

நேராக ஹாலுக்குப் போனேன். கன்னத்தில் சந்தனத்தோடு மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியால் ஓரத்தை நெகிழ்த்தி, மேலே ஒரு தட்டை மூடிக் கவிழ்த்தேன். அச்சைத் தூக்கியதும் மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள் பளபளத்தன, நடுவில் நட்சத்திரங்கள். யாரோ போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். முதல் துண்டை வெட்டி மகளுக்கு ஊட்டினேன். எனக்குப் பயம் இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதோடு நான் உள்ளே போய்விடுவேன் என்று அக்கா நினைத்திருப்பார். நான் வளையல் தட்டிலிருந்து இரண்டு பச்சை வளையல்களை எடுத்து மகளின் வலது கையில் போட்டேன். தட்டை நகர்த்த அக்கா கை நீட்டினார். அதற்குள் மகள் இடது கையையும் என் பக்கம் நீட்டிவிட்டாள்.

"இந்தக் கைக்கும் நீயே போடும்மா."