கத்தி வெக்காம என்னைப் பொழைக்க வெச்ச எஸ்தர் சிஸ்டர்

எஸ்தர் சிஸ்டர் போயிட்டாங்க. காலையில அவங்க பொண்ணு போன் பண்ணிச்சு. தொண்ணூத்தோரு வயசு...

அது ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அம்பதுகளோட கடைசி. எனக்கு இருபது வயசு. தண்டையார்பேட்டையில ஒரு மரக் கிடங்குல லோடு இறக்குற வேலை. லாரியில இருந்து உருண்ட மரம் என்னை சுவத்தோட வெச்சு நசுக்கிடுச்சு.

இடுப்பெலும்புல விரிசல். ஒண்ணுக்கு வரல. ரெண்டு சொட்டு ரத்தம் தான் வந்துச்சு.

ஆஸ்பத்திரியில சேத்தாங்க. மூத்திரப்பை கிழிஞ்சிருக்குன்னு எக்ஸ்ரே பாத்து டாக்டர் சொன்னார். "கிழிசல் கீழ்ப்பக்கம். வயித்துக்குள்ள ஒழுகல. ட்யூப் போட்டு பையை காலியாவே வெச்சிருந்தா தானா மூடிக்கும். ட்யூப் அடைச்சுக்கிட்டா ஆபரேஷன் தான்."

எங்க அண்ணனுக்கு நம்பிக்கையே இல்ல. "கிழிஞ்சத தைக்காம குழாய வுட்டுட்டு பாத்துகினு கீறீங்க சிஸ்டர். இவன் செத்தா இன்னா பண்ணுவீங்க?"

வார்டு நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் குனிஞ்சு, கட்டிலுக்குக் கீழ ட்யூப் வடியுற பாட்டில்ல எவ்ளோ இறங்கியிருக்குன்னு பாத்து எழுதிக்கினாங்க. மணிக்கு ஒருதரம்.

மூணாம் நாள் மத்தியானம்... பாட்டில்ல சொட்டு நின்னு போச்சு. அடிவயிறு கல்லு மாதிரி. ஆபரேஷன் தியேட்டர் ரெடி பண்ணச் சொல்லிட்டார் டாக்டர்.

"அதுக்குள்ள ட்யூபை ஒருதரம் கழுவிப் பாக்கட்டுமா டாக்டர்?"ன்னாங்க சிஸ்டர்.

"பாருங்க. அழுத்தாதீங்க."

சிரிஞ்சுல உப்புத்தண்ணி. மெதுவா உள்ள விட்டு இழுத்தாங்க. ஒண்ணும் வரல. மறுபடியும். வரல.

"மூச்சப் புடிக்காத தம்பி... வுடு."

மூணாவது தடவை கறுப்பா ஒரு ரத்தக்கட்டி வந்துச்சு. பின்னாலயே தண்ணி... பாட்டில்ல சொட்டுற சத்தம் கேட்டுச்சு.

ஸ்ட்ரெச்சர் வாசல்ல வந்து நின்னுச்சு. "எடுத்துட்டுப் போங்க, வேணாம்"ன்னாங்க சிஸ்டர். எங்க அண்ணன் அப்படியே தரையில உக்காந்துட்டான்.

ரெண்டு வாரம் கழிச்சு பைக்குள்ள மருந்து ஏத்தி எக்ஸ்ரே. ஒழுகல. ட்யூபை எடுத்தாங்க. ஆனா ஒண்ணுக்கு தானா வரணுமே... திரைக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் சிஸ்டர். ரொம்ப நேரம்.

வந்துச்சு.

"எரியுதா?"

"கொஞ்சம்."

"ரத்தம்?"

"இல்ல சிஸ்டர்."

அத்தனை நாள்ல அன்னிக்குத்தான் அவங்க ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து பாத்தேன்.

கல்யாணமான புதுசுல ராயபுரம் மார்க்கெட்ல மீன் வாங்கும்போது எதிர்ல வந்தாங்க. "ஒழுங்கா போவுதா தம்பி?" சத்தமா. என் வூட்டுக்காரி என்னைத் திரும்பிப் பாத்தா பாருங்க...

சாயந்திரம் அடக்கம். ரொம்ப நேரம் நிக்க முடியாது என்னால. ஆனாலும் வந்துர்றேன் சிஸ்டர்.