பொன்மணி சுற்றிய நூல்

பொன்மணி சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறாள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து துணி துவைக்க முடியாது என்று அடம்பிடித்துத்தான் வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கவைத்தாள். இப்போது அதன் டைமர் குமிழ் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றியது. மெஷின் ஓடவில்லை.

வந்து பார்த்த மெக்கானிக், "இந்த மாடலுக்குச் சாமான் வராதும்மா" என்று கையை விரித்தார்.

இதற்காகவே காத்திருந்ததுபோல, புருஷன் கோமதிநாயகம், "அப்ப பழைய இரும்புக்குப் போட்டுருவோம். எங்கம்மா கல்லுல தொவைக்கலியா?" என்றான்.

"அவிய தறியில நின்னுட்டு வந்தா தொவைச்சாவ? நூல் அறுந்தா தறியவா தூக்கிப் போடுதோம்?"

பொன்மணி பிளக்கைப் பிடுங்கினாள். குமிழைக் கழற்றிப் பார்த்தாள். மெஷின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பின்பக்கக் குழல் கீறல் விட்டு விரிந்திருந்தது. அதன்மேல் பருத்தி நூலை இறுக்கி இறுக்கிச் சுற்றி, தறியில் போடும் அதே முடிச்சைப் போட்டு, உடனே காயும் பசையைத் தடவினாள்.

"நூலுலயா மெஷின் ஓடப்போவுது?" கோமதிநாயகம் சிரித்தான்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. "ஓடும். எத்தன நாளைக்குன்னுதான் தெரியல."

"அறுந்தா மறுபடி சுத்துதேன், அண்ணாச்சி. எனக்கென்ன நூலுக்கா பஞ்சம்?"

குமிழை மாட்டி, பிளக்கைச் செருகித் திருப்பினாள். தொட்டித் தண்ணீர் சுழன்றது. அப்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

கோமதிநாயகம் தன் வேட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். அவள் கை நீட்டவில்லை.

"மூடி தெறந்துதான் இருக்கு. நீங்களே போடுங்க."