ஒன்றாம் எண் குழாய்

மலேசியாவில் சுவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த புனிதன், பதினான்கு ஆண்டுகள் கடல் மேடையில் நின்று எண்ணெய்க் கிணறுகளுக்குக் குழாய் இறக்கியவர். மூன்றாம் படிவத்தோடு பள்ளி முடிந்தது. மேடையின் உணவறையில் கிடந்த கையேடுகளை அகராதியோடு படித்தே தொழிலின் காரணங்களைக் கற்றுக்கொண்டார்.

அவர் பெயரைக் கெடுத்த கிணறு, நேராக இறங்கிப் பாறைக்குள் திரும்பி, ஒரு கிலோமீட்டருக்குப் படுக்கையாக ஓடியது. அத்தகைய கிணற்றில் திருப்பத்தருகேதான் எண்ணெய் இழுபடும் வேகம் அதிகம். அங்கே எண்ணெய் விரைந்து வற்றினால் அடியிலுள்ள நீர் ஏறிவிடும். கடைக்கோடி எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடும். எனவே திருப்பத்தில் சிறு துளை வால்வுள்ள குழாய்களும் கடைக்கோடியில் பெரிய துளை வால்வுள்ள குழாய்களும் அமைய வேண்டும்.

இதை அவர் மனைவி கிளாரிஸுக்கு ஒருமுறை விளக்கினார். "நம்ம தோட்டத்து லயத்துல, வீட்டு வரிசைக்கு வர்ற ஒரே பைப்பு மாதிரிதான். மொத வீட்டுல முழுசா தொறந்தா கடைசி வீட்டுக்குச் சொட்டுத்தானே வரும்? அதான் மொத வீட்டு வாய அடக்குறோம்."

"அட, இதுக்கா அவங்க ஹெலிகாப்டர்ல வந்து போறாங்க?" என்று அவள் சிரித்தாள்.

வரைபடத்தில் ஒன்றாம் எண் குழாய் திருப்பத்துக்குரியது. கிணற்றுக்குள் முதலில் இறங்குவதோ கடைக்கோடிக் குழாய். மேற்பார்வையாளர் பட்டியலை மேலிருந்து படித்து, ஒன்றிலிருந்தே இறக்கச் சொன்னார்; அப்படிச் செய்தால் சிறு துளைகள் கடைக்கோடிக்கும் பெரியவை திருப்பத்துக்கும் போய்விடும். புனிதன் தடுத்தார், அவர் கேட்கவில்லை. அன்றைய குறிப்பேட்டில் புனிதன் எழுதினார்: 'வரிசை தலைகீழ். சொன்னேன். தொடரச் சொன்னார். காலை 10.40.'

ஏழாம் மாதம் கிணறு எண்ணெயைவிட நீரையே அதிகம் கக்கியது. விசாரணை அறிக்கை ஒரே வரியில் முடிந்தது: 'வரிசைப் பிழை, புனிதன்.' வேலை போயிற்று. இப்போது பக்கத்து ஊரான லுக்குட்டில் ஒரு பட்டறையில் தண்ணீர்ப் பம்பு பழுதுபார்க்கிறார். ஆறு ஆண்டுகளில் நிறுவனத்துக்குப் பதினொரு கடிதங்கள் எழுதினார். வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்துங்கள் என்று மட்டுமே கேட்டார். ஒவ்வொரு தாளுக்கும் எண்ணிட்டுக் கோப்பில் வைத்தார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சசிதரன் வீட்டுக்கு வந்தான். அதே லயத்தில் வளர்ந்தவன்; புனிதன் சொல்லித்தான் கடல் வேலைக்கே போனவன்; பிறகு படித்து அதே நிறுவனத்தின் அலுவலகத்துக்கு உயர்ந்தவன்.

"அண்ணே, இந்த ஃபைல்ல உள்ள எல்லாத்தையும் ஒரு காப்பி குடுங்க. நான் உள்ளுக்குத்தானே இருக்கேன். பெரியவங்க மேசையிலயே வச்சிடுறேன்லா."

புனிதன் நகல்களைக் கொடுத்தார். அடுத்த கிணற்றில் வால்வுகளை எப்படி அமைப்பது என்று தாம் வரைந்த படத்தையும் சேர்த்தார். அதன் மூலையில், விளக்கத்துக்காக, ஆறு லய வீடுகளும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தன.

போன வாரம், இன்னும் கடலில் வேலை செய்யும் மகேந்திரன், நிறுவனத்தின் தொழில்நுட்ப ஏட்டைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "நம்ம சசி பேரு புக்குல வந்திருக்குண்ணே!"

அதே எண்ணெய் வயலில் புதுக் கிணறு. சரியான வரிசையில் வால்வுகள். இரண்டு ஆண்டாகியும் நீர் ஏறவில்லை. புனிதனின் படம் ஆறு லய வீடுகளோடு அப்படியே இருந்தது. கீழே சசிதரனின் பெயர். நடுவே ஒரு வாக்கியம்: 'முந்தைய கிணறு தொழிலாளியின் வரிசைப் பிழையால் கெட்டது.'

அன்றிரவு வீட்டிலிருந்து புனிதன் சசியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே! படம் நல்லா வந்திருக்குல்ல?"

"படத்த நீயே வச்சுக்கடா. அந்த வரிய ஏன்டா மறுபடி எழுதுன?"

"அது இல்லாட்டி மேல உள்ளவங்க கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்கண்ணே. உங்க பேர போடலியே, தொழிலாளின்னுதானே போட்டேன்? விடுங்கலா."

புனிதன் தொலைபேசியை வைத்தார். ஏட்டில் இரண்டு துளையிட்டுக் கோப்பில் கோத்து, 63 என்று எண்ணிட்டார். பிறகு கோப்பின் முன்பக்கத்தில் தாள்களைப் பட்டியலிட்ட அட்டவணையைத் திறந்தார். 'யாருடையது' என்ற பத்தியில், இந்த ஆறு ஆண்டுகளில் சசியிடமிருந்து வந்த ஐந்து தாள்களுக்கு நேரே 'தம்பி சசி' என்று எழுதியிருந்தார்.

"சோறு ஆறுதுங்க," என்றாள் கிளாரிஸ். அருகில் வந்து, பேனா பிடித்த அவர் கை நகரக் காத்திருந்தாள்.

63-க்கு நேரே 'திரு. சசிதரன்' என்று எழுதி, மை காயும் வரை கோப்பை மூடாமல் வைத்திருந்தார்.