எண்ணெய் வைக்காத தலை

சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே கையிலுள்ள உப்பு வில்லையைத் துடைக்கிறார் எஸ்றா. பேச்சு என்னோடுதான். முகம் மட்டும் என் பக்கம் திரும்பாது.

"நேருக்கு நேரா நின்னு பேசாதீரும்வே. மூச்சுல ஈரம் இருக்கு. வில்லை மங்கிப்போவும்."

முத்தையாபுரம் தாண்டியிருக்கும் எங்கள் ரசாயன ஆலையில் நான் டைப் அடிக்கும் குமாஸ்தா. அவர் ஆய்வுக்கூடத்து அனலிஸ்ட். நாசரேத்துக்காரர், வயது ஐம்பத்தாறு. அவர் பொறுப்பில் இருக்கும் மெஷின், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஒரு பொருளுக்குள் செலுத்தும். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குரிய ஒளியை மட்டும் விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய இடத்தில் மெஷினின் பேனா தாளில் ஒரு பள்ளம் வரையும். பள்ளங்களைப் பார்த்து, உள்ளே இருப்பது இன்னதென்று எஸ்றா சொல்லிவிடுவார். ஒரு தாள் முடியப் பன்னிரண்டு நிமிஷம். அதுவரை ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூக்கமா என்று கேட்டால், "அலுப்பு" என்பார். இருபத்திரண்டு வருஷ அலுப்பு.

கண்ணாடி அந்த ஒளியை விடாது, உப்பு விடும். அதனால்தான் உப்பு வில்லை. ஊரைச் சுற்றி அம்பாரம் அம்பாரமாக உப்பு குவிந்து கிடக்க, இந்த ஆறு வில்லைகள் மட்டும் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவை. தூத்துக்குடிக் கடல்காற்று அவற்றுக்கு ஆகாது. மரப்பெட்டிக்குள் நாற்பது வாட் பல்பை எரியவிட்டு அதில் வைத்திருக்கிறார். அறையில் ஏ.சி. உண்டு. "மெஷினுக்குப் போட்டது. நமக்கில்ல" என்பார்.

விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் தாளில் அதுவும் விழும். எனவே வாரநாள்களில் தலைக்கு எண்ணெய் கிடையாது. முடி வைக்கோலாக நிற்கும். ஞாயிறு காலை கோயிலுக்குப் புறப்படுமுன், மனைவி தேவகனி ஆறு நாளைக்கும் சேர்த்துத் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிடுவார். திங்களன்று எஸ்றா சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடக்கும்போதே கோயில் வாசலில் ஆலை ஜீப் வந்து நின்றது. பெரிய கலனில் ரசாயன வினையை முடுக்கிவிடும் கேட்டலிஸ்ட் தூள் வேலை செய்யவில்லை. அந்தச் சரக்கின் மேற்பரப்பில் எண்ணெய் பட்டால் போயிற்று. ஷிஃப்டில் இருந்த வீரபாகு மெஷின் ஆயிலைச் சிந்திவிட்டான் என்பது மேனேஜர் தாணுலிங்கத்தின் சந்தேகம். சீக்கிரம், சீக்கிரம் என்று அவர் தலைக்குமேல் நிற்க, எஸ்றா அந்தத் தூளில் கொஞ்சம் மெஷினில் போட்டுத் தாளை எடுத்தார். எண்ணெய்க்குரிய பள்ளம் ஆழமாக விழுந்திருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீரபாகுவை அன்றே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வேலை நிரந்தரமாக இன்னும் இருபது நாள்தான் இருந்தது அவனுக்கு. வீட்டில் கைக்குழந்தை.

திங்கட்கிழமை அந்தத் தாளை மறுபடி விரித்தார் எஸ்றா. முதல் பள்ளத்துக்கு அப்பால் இன்னொன்றும் இருந்தது. மெஷின் ஆயிலுக்கு அது கிடையாது. தேங்காய் எண்ணெய்க்கு உண்டு. அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருக்கிறார். மிச்சமிருந்த தூளை, கழுவி உலர்ந்த கையால் மறுபடி போட்டார். இரண்டு பள்ளமும் இல்லை. மறுநாள் வீட்டு எண்ணெயை ஓர் இங்க் பாட்டிலில் கொண்டுவந்தார். அடுத்தவர் விரல் பட்டாலே சீறுகிற மனிதர், தன் கையாலேயே வில்லையில் ஒரு துளி தடவினார். இரண்டு பள்ளமும் விழுந்தன.

"ஆயில் அங்கன எங்கயும் இல்லவே. எந் தலையில இருந்துருக்கு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். "இத்தன வருஷமா நீரு கொடுத்த ரிப்போர்ட்ட இனிமே எவன் நம்புவான்?" என்று தாணுலிங்கம் கத்தியது என் மேசைவரை கேட்டது.

"மத்தத எப்ப வேணாலும் போட்டுப் பாத்துக்கிடுங்க சார். இது நான் செஞ்ச தப்பு. அந்தப் பையன உள்ள விட்டுருங்க."

கேட்டலிஸ்ட் எதனால் கெட்டது என்று இன்றுவரை தெரியவில்லை. எஸ்றாவுக்கு மெமோ மட்டும் உடனே வந்தது. வரவேண்டிய சீஃப் அனலிஸ்ட் பதவி நின்றுபோனது. அந்த மெமோவை டைப் அடித்தவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமையும் எண்ணெய் கிடையாது. "கோயில்ல எல்லாரும் ஒங்க வீட்டுக்காரருக்கு என்ன சீக்குன்னு கேக்காவ. இவுக காதுலயே வாங்க மாட்டேங்காவ" என்று தேவகனி என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

வீரபாகு வேலைக்குத் திரும்பிய அன்று, நேரே ஆய்வுக்கூடத்துக்குத்தான் வந்தான். நானும் அங்கே இருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "அண்ணாச்சி" என்றான். அவர் கைகளைப் பிடிக்கத் தன் இரண்டு கையையும் நீட்டினான்.

எஸ்றா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தொட்டுராதல. இன்னும் நாலு சாம்பிள் கெடக்கு."

மெஷின் நின்றிருந்தது. ஆறு வில்லைகளும் பல்பு எரியும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. எஸ்றா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.