மாற்றி வைத்த வெர்னியர்

ராணி ஒரு தவறும் செய்யவில்லை. தவறு என்னுடையது. அதைத் தெரிந்தே அவள் தலையில் கட்டினேன்.

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு என் முகம் தெரியாது... அந்தத் தைரியம்தான். வேறொன்றுமில்லை.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையோரம், ஏலக்காய் காயவைக்கும் டிரையர்கள் செய்யும் ஒரு பட்டறை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பை முடித்துவிட்டு அங்கே அப்ரண்டிசாகச் சேர்ந்தேன். அதே வாரம் ராணியும் சேர்ந்தாள். பட்டறைக்குள் வந்த முதல் பெண் அவள்தான். அவள் அம்மா தினமும் காலையில் ஜீப்பில் மலைக்குப் போய் ஏலக்காய் பறித்துவிட்டு வருகிறவர். என் அப்பாவுக்குத் தென்னந்தோப்பு உண்டு. பட்டறை முதலாளி அவரை மாமா என்றுதான் அழைப்பார். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்தேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. தண்டையும் சக்கரத்தையும் வழுக்காமல் பூட்டிப் பிடிக்கிற சிறிய இரும்புக் கட்டை ஒன்று உண்டு, கீ என்போம். அதை அரத்தால் அராவி, இரண்டு உதடுகளால் கவ்வி அளக்கும் வெர்னியரால் அளந்து, அளவு சரியாக வந்ததும், டிரையர்களைப் பொருத்தும் பக்கத்துக் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும். மயிரிழை குறைந்தாலும் கட்டை ஆடும். ஆடினால் மலையில் ஓடும் டிரையர் பாதியில் நின்று, காய் நிறம் மாறிப் போகும்.

என் கட்டைகள் ஆடத் தொடங்கின!

“என்னப்பு, தூங்கிக்கிட்டே அராவுறியா?” என்று ஃபோர்மேன் தங்கராசு அண்ணன் என் மேசையில் அவற்றைக் கொட்டினார். ராணியின் கட்டைகளோ கச்சிதமாகப் பொருந்தின.

நான் சரியாகத்தான் அளந்தேன். மறுபடியும் மறுபடியும் அளந்தேன். அப்படியானால் என் கட்டைகளில் யாரோ கைவைக்கிறார்கள்... யார்? பயிற்சி முடிந்ததும் இருவரில் ஒருவரைத்தான் வேலையில் வைத்துக்கொள்வார்கள் என்ற பேச்சு அப்போது பட்டறையில் அடிபட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதன்பிறகு அவள் என்ன செய்தாலும் தப்பாகவே தெரிந்தது. என் பக்கம் குனிந்தால் வேவு பார்க்கிறாள். சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். “டீ வாங்கியாரவா பாண்டி?” என்று கேட்டால், என்னை அந்த இடத்தைவிட்டு நகர்த்தப் பார்க்கிறாள்! தண்ணீர் குடிக்கப் போகும்போதும் கட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். சந்தேகம் எவ்வளவு சுறுசுறுப்பான வேலைக்காரன் என்று உங்களுக்குத் தெரியுமா? அது ஓய்வே கேட்பதில்லை.

ஒருநாள் மதியம் கட்டைகளை வேண்டுமென்றே மேசையில் என் கருவித் தட்டில் விட்டுவிட்டு, சாப்பிடப் போவதுபோல் போய், ஜன்னல் வழியே பார்த்தேன். ராணி என் தட்டிலிருந்து ஒரு கட்டையை எடுத்தாள். என் வெர்னியரையும் எடுத்தாள்.

பாய்ந்து உள்ளே போனேன். “பிடிச்சுட்டேன்! பிடிச்சுட்டேண்ணே!” என்று கத்தினேன். பட்டறையே கூடிவிட்டது.

“அவன் சாமானை எடுத்தியா இல்லையாத்தா?” என்று கேட்டார் தங்கராசு அண்ணன்.

“எடுத்தேண்ணே. ஆனா...”

“ஒத்துக்கிட்டாள்ல! அப்புறம் என்ன ஆனா?” என்று நான் குறுக்கே விழுந்தேன். மறுநாள் அம்மாவைக் கூட்டிவரச் சொல்லி அண்ணன் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அந்த ஆனாவுக்குப் பிறகு அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது மறுநாள் காலையில் எனக்குத் தெரிந்தது.

எல்லோருக்கும் முன்பாகப் பட்டறைக்கு வந்திருந்தேன். என் வெர்னியரை எடுத்து அதில் அப்படி என்ன பார்த்தாள் என்ற நமைச்சல். என் வெர்னியரின் வாயை மூடிப் பார்த்தேன். மூடவில்லை! இரண்டு உதடுகளுக்கும் நடுவில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தது. ஓர் உதட்டின் முனை நசுங்கிப் பிசிறு கிளம்பியிருந்தது. இருக்கிற அளவைவிடக் கூடுதலாகக் காட்டும் கருவியை நம்பி, நான் கட்டைகளைத் தேவைக்கு மேல் அராவித் தள்ளியிருக்கிறேன்.

அப்போதுதான் நினைவு வந்தது. முன்பொரு நாள் அது என் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை என்று துடைத்துத் தட்டில் வைத்துவிட்டேன்.

அதுவரை நான் செய்தது அறியாமை. ஒப்புக்கொள்கிறேன், அசட்டுத்தனம். மன்னிக்கக்கூடியதாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்து என் கை செய்தது?

ராணியின் தட்டில் அவளுடைய வெர்னியர் இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி. பெயர் கிடையாது, அடையாளம் கிடையாது. மாற்றி வைத்தேன்.

அவ்வளவுதான்... ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

அன்றே ராணியும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மா மலைக்குப் போகவில்லை. “எம்புள்ள என்னத்தக் கெடுத்துச்சு? காட்டுங்கய்யா” என்றார்.

தங்கராசு அண்ணன் ராணியின் தட்டைத் துழாவி வெர்னியரை எடுத்தார். “இங்க பாரு, சாமானைக் கீழ போட்டு வாயை நசுக்கி வச்சிருக்கா. மூச்சு விடல. போதாததுக்கு அடுத்தவன் வேலையிலயும் கைவைக்கிறா. நாளையிலருந்து வரவேணாம்த்தா.”

அந்த நசுங்கிய கருவியை வைத்துக்கொண்டு அவள் எப்படி அத்தனை கட்டைகளையும் அளவாக அராவினாள்? ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்டிருந்தால் நான் அந்த நிமிடமே அகப்பட்டிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று எனக்கு முன்பே தெரியுமோ? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ராணி வெர்னியரை வாங்கினாள். வாயை மூடி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெர்னியரை மேசையில் வைத்துவிட்டு, “வாம்மா போகலாம்” என்றாள்.

நான் வேலையில் நிலைத்தேன். ராணி அம்மாவோடு ஜீப்பில் ஏறத் தொடங்கினாள்.

என் சந்தேகமும் அதோடு ஓயவில்லை. ஆள்தான் மாறியது. தங்கராசு அண்ணன் என் கருவியை வாங்கிப் பார்த்தால், தெரிந்துவிட்டதோ? இரண்டு பேர் பேச்சை நிறுத்தினால், என்னைப் பற்றித்தானோ? ராணி ஏன் யாரிடமும் சொல்லவில்லை? எதற்காகக் காத்திருக்கிறாள்?

வருடங்கள் போயின. போன மாதம் ஒரு எஸ்டேட்டில் டிரையர் மாட்டக் கிளம்பி, ஜீப் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். ராணி நேராக என்னிடம் வந்தாள்.

“நல்லாருக்கீங்களாண்ணே?” என்றாள். முன்பு பெயர் சொல்லிக் கூப்பிட்டவள். “எந்தங்கச்சியும் ஃபிட்டர்தான் படிச்சிருக்கா. உங்க பட்டறையில ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

என்னிடமா! ஊரில் வேறு ஆளே இல்லையா? சோதிக்கிறாளா? அல்லது உண்மையிலேயே ஒன்றும் தெரியாதவளா? அவள் முகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். பிடிபடவில்லை. “கேட்டுப் பாக்குறேன்” என்றேன்.

மறுநாள் கேட்டேன். அது மட்டும் நிஜம்.

“அந்த வீட்டுப் பிள்ளையாப்பா? ஒரு தடவை பட்டது போதும்” என்றார் தங்கராசு அண்ணன். பிறகு என் தோளைத் தட்டினார். “பட்டவன் நீ. நீயே வந்து கேக்குறியே... உனக்குப் பெரிய மனசுப்பா!”

அங்கே நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். சொல்லியிருக்கலாம். பாராட்டை வாங்கிக்கொண்டேன். இந்த முறை பயிற்சிப் பையன் என்ற சாக்குகூட எனக்கு இல்லை.

ராணியிடம் போய், இடம் இல்லையாம் என்றேன். ஜீப்பில் பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க என்னண்ணே சொன்னீங்க அவர்ட்ட?”

“நல்ல பிள்ளை, ஒரு தப்புத்தண்டாவுக்கும் போகாதுன்னு சொன்னேன்.”

“யாரை? அவளையா, என்னையா?” என்றாள் ராணி.

டிரைவர் ஆரன் அடித்தார். “வெரசா ஏறு தாயி!” அவள் ஏறிக்கொண்டாள். ஜீப் மெட்டுச் சாலையில் திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை.